மூலநிரல் யாருக்கு உரியது?

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையோ, அப்பொறிகளாற் பெருஞ் செல்வரானோரின் வரலாற்றையோ எழுதிவிட்டு அமைதி காண்கின்றனர். ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற பொறி உள்ளங்கைக்குள் அடங்கிய விதமும், பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்ட இளைஞர் ஒருவர் உலகின் முதற் செல்வரான விதமும் சுவையான கதைகளே. ஆயின், அப்பொறிகளை இயக்கும் செய்நிரல் ஒரு காலத்தில் ஏறக்குறையப் பொதுப்பொருளாக இருந்து, பின்னர்த் தனியுடைமையாகி, அதன் பின்னர் ஒரு பகுதியேனும் பொதுமைக்கு மீட்கப்பட்ட கதை நம்மவரிடையே போதியளவு பேசப்படவில்லை. மென்பொருள் என்றால் அது ஏதோவொரு கம்பனிக்கு உரியது. காசு கொடுத்து வாங்க வேண்டியது, அன்றேல் களவாகப் படியெடுக்க வேண்டியது. இவ்விரண்டையும் விட வேறு வழியில்லை என்பதே நம் மாணவர் மனத்திற் பதிந்துள்ள எண்ணம். இஃது இயற்கையின் நியதியன்று. குறித்த ஒரு காலத்தில், குறித்த சில பொருளாதாரக் காரணங்களால் ஏற்பட்ட நிலை. அக்காலத்தையும் காரணங்களையும் ஓர் ஆசிரியரின் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆசிரியரின் கண் என்பதை வேண்டுமென்றே கூறுகின்றோம். மூலநிரல் மூடப்பட்ட கதையில் முதலிற் பாதிக்கப்பட்டது சந்தையன்று, வகுப்பறையே என்பது நமது துணிபு.

நாம் தமிழ் கற்றவர், பொறியியல் கற்றவரல்லர். ஆகவே நமக்கு விளங்கிய வகையிலேயே சொல்கின்றோம். செய்நிரலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மனிதர் எழுதி மனிதர் வாசிக்கத்தக்கது ஒன்று, அதுவே மூலநிரல். அதனைப் பொறி விளங்கிக்கொள்ளும் எண்களின் தொடராக மாற்றினாற் கிடைப்பது மற்றையது. பின்னையதைக் கொண்டு பொறியை இயக்கலாம். ஆனால் அதனை வாசித்து, இது எவ்வாறு தொழிற்படுகின்றது என அறிவதும், பிழை கண்டு திருத்துவதும் மிக அரிது. மூலத்தை மறைத்துப் பொறிவடிவத்தை மட்டும் விற்பதே தனியுடைமை மென்பொருளின் வழக்கம். மூலபாடத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பொழிப்புரையை மட்டும் நம் கையிற் கொடுத்து, 'இதை நம்பு, பாடபேதம் பார்க்காதே, நீ வேறோர் உரை எழுதாதே' என்று கட்டளையிடுவது போன்றது அது. ஏடு வைத்திருந்தோர் அனைவரும் அவ்வாறு பூட்டி வைத்திருந்தால் 1887இல் நம் தாமோதரம்பிள்ளையின் கையிற் கலித்தொகை அச்சேறியிராது.

இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவிற் கணினி விற்பனைப் பண்டமாக உருப்பெற்றபோது, விலை பேசப்பட்டது பொறிக்கேயன்றிச் செய்நிரலுக்கன்று. ஐ.பி.எம். கம்பனியின் பெரும் பொறிகள் பெரும்பாலும் வாடகைக்கே விடப்பட்டன. அவ்வாடகையோடு நிரல்களும் வந்து சேரும். 1953இல் யூனிவாக் பொறிக்கெனக் கிறேஸ் ஹொப்பர் என்ற பெண்மணியின் குழுவினர் ஆக்கிய ஏ-2 என்னும் நிரல் மூலத்துடனேயே வாடிக்கையாளருக்கு வழங்கப்பட்டது. திருத்தம் செய்வோர் அதனைத் திருப்பி அனுப்புமாறும் கேட்கப்பட்டனர். 1955இல் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், ஐ.பி.எம். 704 என்ற பொறியைப் பயன்படுத்தவிருந்த நிறுவனங்கள் ஒன்றுகூடி 'ஷெயார்' என்ற சங்கத்தை அமைத்தன. பகிர்தல் என்பதே அப்பெயரின் பொருள். ஈண்டு நம் கவனத்துக்குரியது யாதெனில், அச்சங்கத்தின் முன்னணியில் நின்றவை விமானங் கட்டும் கம்பனிகள். சந்தையில் ஒன்றையொன்று வீழ்த்த முனைந்தவை. அவ்வாறிருந்தும், ஒரே நிரலை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவது வீண் உழைப்பு என்பதை அவை கண்டுகொண்டன. அவற்றை நடத்தியோர் பொதுவுடைமைவாதிகள் அல்லர்; அமெரிக்க முதலாளித்துவத்தின் நடுவீட்டிலே வாழ்ந்தவர்கள். நிரற்பகிர்வு என்பது கனவு காண்போரின் கொள்கையாகவன்றி, உற்பத்தியின் தேவையாகவே முதலில் தோன்றியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்நிலை மாறத் தொடங்கிய ஆண்டு 1969. அவ்வாண்டு சனவரி 17ஆம் நாள் அமெரிக்க நீதித் திணைக்களம் ஐ.பி.எம். மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தது. யூன் 23ஆம் நாள், இனிமேல் நிரல்கள் சிலவற்றையும் சேவைகளையும் பொறியினின்றும் பிரித்து வேறாக விலையிடப் போவதாக அக்கம்பனி அறிவித்தது. வழக்கின் அச்சம் ஒரு காரணம். நிரல் எழுதும் செலவு ஆண்டுதோறும் ஏறிச் சென்றமை மற்றொரு காரணம். ஏகபோகத்தை உடைக்கப் போந்த சட்டமே மென்பொருளைப் பண்டமாக்கும் கதவைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. நிரல் எழுதும் சிறு கம்பனிகள் தலையெடுக்க இம்மாற்றம் வழிசெய்தது என்பதையும் மறைத்தற்கில்லை. ஆனால் விலை வேறு, மறைப்பு வேறு. விலைக்கு விற்கப்பட்ட நிரல்கள் பலவற்றின் மூலமும் பல ஆண்டுகள் வாங்குவோர் கைக்குக் கிடைத்தே வந்தது. 1980இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுக் கணினி நிரலும் நூலைப்போற் காப்புக்குரியது என்பது ஐயமற வரையறுக்கப்பட்டது. 1983இல், புதிய ஆக்கங்களைப் பொறிவடிவில் மட்டுமே தருவோம் என ஐ.பி.எம். அறிவித்தது. விலை வந்து பதினான்கு ஆண்டுகளின் பின் பூட்டு வந்தது.

நம் நாட்டு வரலாறு கற்றோர்க்கு இவ்விடத்தில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நினைவுக்கு வருதல் இயல்பே. உறுதி காட்ட இயலாத காடும் சேனை நிலமும் முடிக்குரியன என்று எழுதப்பட்டு, அவற்றுட் பெரும்பகுதி கோப்பித் தோட்டங்களாகக் கைமாறியது. ஆயின் காணி வேறு, நிரல் வேறு. காணியை ஒருவர் கைப்பற்றினால் மற்றவர்க்கு அது இல்லை. நிரலை ஆயிரவர் படியெடுத்தாலும் கொடுத்தவரிடம் அது குறைவதில்லை. குறையாத ஒன்றை அரிய பண்டமாக்குவதற்கே இங்குச் சட்டம் தேவைப்பட்டது.

இனி நமது கதையின் மையத்துக்கு வருவோம். அமெரிக்காவின் தொலைபேசித் துறையை ஏகபோகமாக ஆண்ட ஏ.ரி. அன்ட் ரி. கம்பனி, 1956இல் அரசுடன் செய்துகொண்ட நீதிமன்ற இணக்கத்தின்படி, தொலைத்தொடர்பு தவிர்ந்த வேறு வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. அக்கம்பனியின் பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கத் தொடங்கினர். கணினியின் ஏனைய நிரல்கள் அனைத்தும் தங்கியிருக்கும் அடித்தளமே பணிசெயல் முறைமை எனப்படும். 1973இல் அது சீ மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. 1974இல் அது பற்றிய ஆய்வுரை வெளிவந்ததும் பல்கலைக்கழகங்கள் அதனைக் கேட்கத் தொடங்கின. கம்பனிக்கோ அதை வைத்து வணிகஞ் செய்ய உரிமையில்லை. ஆகவே பெயரளவிலான கட்டணத்துக்கு, மூலநிரலுடன், அது பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டது. கம்பனியின் தாராள மனத்தால் அன்று, கையைக் கட்டிப்போட்ட ஒரு சட்டத்தாலேயே உலகின் மாணவர்க்கு அந்நிரல் கிட்டியது.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்றொரு விரிவுரையாளர் இருந்தார். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பின் மையநிரல் பத்தாயிரம் வரிக்கும் குறைவானது. ஒரு மாணவன் ஒரு தவணைக்குள் வாசித்து முடிக்கக்கூடிய அளவு அது என்பதை அவர் கண்டார். 1976, 1977ஆம் ஆண்டுகளில் மூலநிரலை வரியெண்ணிட்டு ஒரு தொகுதியாகவும், அதற்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு தொகுதியாகவும் தம் மாணவர்க்காக ஆக்கினார். மூலமும் உரையும்! நச்சினார்க்கினியரையும் பரிமேலழகரையும் படித்து வளர்ந்த நமக்கு இம்முறையை யாரும் விளக்க வேண்டியதில்லை. முழுமையான, உண்மையாகவே இயங்குகின்ற ஒரு பணிசெயல் முறைமையை, இன்ன வரியில் இன்னது செய்யப்படுகின்றது, இது ஏன் இவ்வாறு எழுதப்பட்டது என்று ஒரு நல்லாசிரியர் விளக்கிச் சென்ற நூல் அது. கணினிக் கல்வியிற் பொம்மைப் பயிற்சிகளைக் கடந்து உண்மைப் பொருளை மாணவன் கையிற் கொடுத்த முயற்சிகளுள் அதற்குத் தனியிடம் உண்டு.

அடுத்து நடந்தது யாது? 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமப்பத்திரத்தில், மூலநிரலை வகுப்பறையிற் கற்பிக்கலாகாது என்ற நிபந்தனையைக் கம்பனி புகுத்தியது. யூனிக்ஸ் பெறுமதியுள்ள பண்டம் என்பதை அது அதற்குள் உணர்ந்துவிட்டது. 1982இல் ஏற்பட்ட புதிய இணக்கத்தின்படி 1984 சனவரியிற் கம்பனி பிளவுண்டபோது, கணினி வணிகத்துக்கான தடையும் நீங்கிற்று. லயன்ஸின் உரைநூல் அச்சுக்கு வர இயலவில்லை. ஆனால் அழியவுமில்லை. படியின் படி, அப்படியின் படி என்று எழுத்து மங்க மங்க நகலெடுக்கப்பட்டு ஒரு தலைமுறை மாணவரிடையே கைமாறி உலாவியது. வாசிப்பதற்கே மறைவு வேண்டிய அந்நூல் சட்டப்படி அச்சேறியது 1996இல். நூலாசிரியர் மறைந்தது 1998இல். தம் வாழ்நாளின் கடைசியிலேனும் தம் நூலை அவர் அச்சிற் கண்டார் என்பது ஆறுதல்.

இதே காலத்திற் சிறு கணினிகளின் உலகிலும் வேலியிடல் தொடங்கியிருந்தது. 1976 பெப்ரவரியில் இருபது வயது இளைஞரான பில் கேற்ஸ், பொழுதுபோக்காகக் கணினி பயில்வோருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அல்ரெயர் என்ற சிறு கணினிக்கெனத் தாமும் நண்பரும் ஆக்கிய பேசிக் நிரலைப் பெரும்பாலோர் காசு கொடாது படியெடுக்கின்றனர் என்றும், அது களவே என்றும் அதிற் குறைகூறியிருந்தார். உழைத்தவனுக்கு உழைப்பின் பயன் கிட்டவேண்டும் என்ற வாதத்தை, சன்மானம் காணாத எழுத்தாளர் நிறைந்த இந்நாட்டிலிருந்துகொண்டு நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆயின் அக்கடிதம் சொல்லாது விட்ட ஒன்றும் உண்டு. பேசிக் என்ற மொழி அவரது ஆக்கமன்று. 1964இல் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தொமஸ் கேர்ட்ஸ் என்ற இரு கணித ஆசிரியர்கள், விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணினியைக் கையாளவேண்டும் என்று கருதி ஆக்கி, எவரும் பயன்படுத்துமாறு விட்டுவைத்த மொழி அது. ஆசிரியர் பொதுவில் வைத்ததன்மேல் எழுந்த கட்டடத்துக்கு வாயிற்காவல் போடப்பட்டது.

மூடப்பட்ட கதவின் முன் நின்று, இதை ஏற்கமாட்டேன் என்று சொன்னவர் றிச்சர்ட் ஸ்ரோல்மன். மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்மதி ஆய்வுகூடத்தில் 1971 முதல் நிரல் எழுதி வந்தவர். அங்கு எவர் எழுதிய நிரலையும் எவரும் திருத்தலாம். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியிற் காகிதம் சிக்கிக்கொண்டால், அதைக் காத்திருப்போருக்கு அறிவிக்குமாறு அவர் நிரலைத் திருத்தியிருந்தார். பின்னர் செரொக்ஸ் கம்பனி புதிய அச்சுப்பொறியொன்றை அன்பளிப்புச் செய்தது. காகிதம் அதிலுஞ் சிக்கியது. ஆனால் மூலநிரல் வரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அம்மூலத்தை வைத்திருந்த ஒருவரிடம் ஸ்ரோல்மன் நேரிற் சென்று கேட்டார். பிறருக்குத் தருவதில்லை என்று கம்பனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பதே விடை. சிறிய நிகழ்ச்சிதான். ஆனால் ஓர் அறிஞன் மற்றோர் அறிஞனுக்கு உதவ மறுப்பதைக் கடமையாக்கும் ஒப்பந்தம் ஒன்று உலகிற் புகுந்துவிட்டதை அவர் அங்கே கண்டார்.

1983 செப்ரெம்பர் 27ஆம் நாள், யூனிக்ஸைப் போன்றதும் எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்கதுமான ஒரு முழு முறைமையை எழுதப் போவதாக அவர் அறிவித்தார். குனூ என்பது அதன் பெயர். நிறுவகம் தம் ஆக்கத்துக்கு உரிமை கோரிவிடக்கூடாது என்பதற்காக 1984 சனவரியில் வேலையையே துறந்தார். 1985இற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. எந்நோக்கத்துக்கும் இயக்கும் உரிமை, மூலத்தைக் கற்று மாற்றும் உரிமை, படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை, மாற்றிய வடிவத்தையும் வழங்கும் உரிமை என்னும் நான்கும் உள்ளதே கட்டற்ற மென்பொருள் என்று வரையறுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'இலவசம்' என்பதற்கும் 'சுதந்திரம்' என்பதற்கும் ஒரே சொல் நின்று குழப்புவதால், தாம் விலையைப் பற்றிப் பேசவில்லை என்று அவ்வியக்கத்தார் ஓயாது விளக்க வேண்டியதாயிற்று. தமிழுக்கு இத்தொல்லை இல்லை. இருந்தும் நம் பத்திரிகைகள் 'இலவச மென்பொருள்' என்றே எழுதி, இல்லாத குழப்பத்தை இறக்குமதி செய்கின்றன.

இவ்வியக்கத்தின் பேரறிவு வெளிப்பட்டது நிரலிலன்று, ஒரு சட்டப் பத்திரத்தில். நிரலைப் பொதுவில் எறிந்துவிட்டால் ஒரு கம்பனி அதனை எடுத்து, சிறிது மாற்றி, மூலத்தை மறைத்து விற்கலாம். பொது நிலத்தைக் காவலின்றி விட்டால் வேலி போடுவோர் வருவர் அன்றோ? ஆகவே ஸ்ரோல்மன் பதிப்புரிமையைக் கைவிடாது, அதையே கருவியாகக் கொண்டார். 'இந்நிரலின் உரிமை எனது. இதனை நீ எடுக்கலாம், மாற்றலாம், விற்கவுஞ் செய்யலாம். ஆனால் பிறர்க்குக் கொடுக்கும்போது மூலத்தையும் இதே உரிமைகளையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்' என்பது 1989இல் வெளிவந்த குனூ பொதுப் பொது உரிமத்தின் சாரம். தடுப்பதற்கென ஆக்கப்பட்ட சட்டம், தடுப்பதைத் தடுக்கும் சட்டமாகத் தலைகீழாயிற்று. தமிழில் இதற்குச் சிலர் 'அளிப்புரிமை' என்று பெயரிட்டுள்ளனர், நல்ல சொல். இஃது ஏட்டளவிலான விருப்பமன்று என்பதை 2004இல் மியூனிக் நகர நீதிமன்றமொன்று அவ்வுரிமத்தின் நிபந்தனைகளை வலிதானவை என ஏற்றமை நிறுவியது.

குனூ முறைமைக்கு வேண்டிய கருவிகள் ஒவ்வொன்றாக உருவாகின. மையநிரல் மட்டும் தாமதித்தது. அவ்விடைவெளி நிரம்பிய விதம் நம்மை மீண்டும் வகுப்பறைக்கே கொண்டுசெல்கின்றது. யூனிக்ஸைக் கற்பிக்கத் தடை வந்ததும், அம்ஸ்ரர்டாமில் அன்ட்ரூ ரனன்பாம் என்ற பேராசிரியர், அவர்களது ஒரு வரியையும் எடாது, கற்பிப்பதற்கென்றே மினிக்ஸ் என்ற சிறு முறைமையைத் தாமாக எழுதினார். 1987இல் வந்த அவரது பாடநூலிலே ஏறத்தாழ 12,000 வரி மூலநிரல் அச்சிடப்பட்டிருந்தது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் அந்நூலைக் கற்றார். மினிக்ஸை மாற்றி வெளியிடப் பதிப்பாளரின் உரிமை இடந்தராமையால், 1991 ஓகஸ்டில், பொழுதுபோக்காகத் தாமே ஒரு மையநிரல் எழுதி வருவதாக அவர் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. 1992இல் அது குனூ உரிமத்தின்கீழ் வந்தது. அதுவே லினக்ஸ். லயன்ஸின் உரைநூலை முடக்கிய அதே தடை, பன்னிரண்டு ஆண்டுகளுள் யூனிக்ஸுக்கே மாற்றானதைப் பிறப்பித்துவிட்டது. வீரர் ஒருவரின் கதையாக இதனைச் சொல்வது தவறு. ஆசிரியர் எழுதியதை மாணவர் கற்றார். மாணவர் எழுதியதை உலகின் ஆயிரக்கணக்கான நிரலாளர் திருத்தினர்.

அதன் பின்னைய கதையை விரைந்து சொல்லலாம். 1998இல், 'சுதந்திரம்' என்ற சொல் வணிகரை வெருட்டுகின்றது என்று கருதிய ஒரு சாரார் 'திறந்த மூலம்' என்ற பெயரைப் புனைந்தனர். உரிமைக் கேள்வி பின்தள்ளப்பட்டு, திறந்து எழுதினால் நிரல் செம்மையாக அமையும் என்ற பயன் முன்வைக்கப்பட்டது. 2001இல் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டவர் மைக்ரோசொவ்ற் கம்பனியின் அந்நாளைய தலைவர். அதே கம்பனி 2018இல், திறந்த மூலநிரல்களின் பெரும் களஞ்சியமான கிற்ஹப்பை 750 கோடி டொலருக்கு வாங்கியது. 2017 நவம்பர் முதல் உலகின் அதிவலிய 500 கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் மாணவர் கையிலுள்ள அன்ட்ரொய்ட் தொலைபேசியின் மையநிரலும் அதுவே. இதனை முழு வெற்றி என்று கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. 2014இல் 'ஹார்ட்பிளீட்' என்ற குறைபாடு வெளிப்பட்டபோது, உலகின் வங்கிகளும் வணிக நிலையங்களும் தம் இரகசியங்களை ஒப்படைத்திருந்த ஒரு பொது நிரலை, சொற்ப நிதியுடன் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பேணி வந்தனர் என்பது தெரியவந்தது. பொதுக் கிணற்றில் எல்லோரும் அள்ளினர், தூர்வாரியவர் சிலர். கூலியற்ற உழைப்பின்மேல் எழும் இலாபத்துக்குத் 'திறந்த மூலம்' என்ற பெயர் மட்டும் நியாயம் வழங்கிவிடாது.

இக்கதையில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தது. முல்லைத்தீவு முதல் கல்முனை வரை, காலி முதல் அம்பாந்தோட்டை வரை முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோர் ஒருவரையொருவர் தேடினர். எந்த முகாமில் யார் உளர், எவ்வூருக்கு எப்பொருள் போயிற்று, எந்த நிறுவனம் எங்கே நிற்கின்றது என்பன எவர்க்கும் தெரியவில்லை. தாளில் எழுதிய பெயர்ப்பட்டியல்கள் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டோர் இன்றும் மறவார். அவ்வேளையிற் கொழும்பிலிருந்த மென்பொருள் துறை இளைஞர்கள் தொண்டர்களாக ஒன்றுகூடினர். காணாமற் போனோர், முகாம்கள், நிறுவனங்கள், உதவி வேண்டுகோள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் ஒரு முறைமையைச் சில வாரங்களுள் எழுதினர். நிவாரணம் என்னும் பொருள்படும் சிங்களச் சொல்லால் 'சஹானா' என அதற்குப் பெயரிட்டனர். அரசின் தேசிய செயற்பாட்டு நிலையம் அதனைப் பயன்படுத்தியது. விலைப்பத்திரம் கோருவதற்கும் உரிமம் வாங்குவதற்கும் அவர்களுக்கு நாள் இருக்கவில்லை. கைவசமிருந்த கட்டற்ற கருவிகளை எடுத்தனர், அவற்றின்மேல் எழுதினர். பின்னர் லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் பொறுப்பில் அது செம்மையாக்கப்பட்டுக் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இற் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கம் என அழிவு கண்ட நாடுகளுக்கு அது சென்றது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலப் பணி விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது.

இறக்குமதி செய்து பயன்படுத்துவோர் என்றே வரலாற்றிற் குறிக்கப்பட்டு வந்த நாடொன்று, இங்கு ஆக்கி வழங்குவோர் வரிசையில் நின்றது. மூலம் திறந்திருந்தமையாலேயே அது இயன்றது. ஆயினும் நிரலைப் பற்றிப் பேசுகையில் நாட்டை மறந்துவிடலாகாது. வடக்குக் கிழக்கில் நிவாரணத்தைப் பகிர்ந்து நிர்வகிப்பதற்கென 2005 யூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே கைச்சாத்தான பொதுக் கட்டமைப்பின் முக்கிய பிரிவுகள் சிலவற்றுக்கு யூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்கட்டமைப்பு இயங்காமலே போயிற்று. நிரலைப் பகிரக் கற்ற நாடு நிவாரணத்தைப் பகிரக் கற்கவில்லை.

நம் பாடசாலைகளின் நிலை யாது? உயர்தர வகுப்பிலே தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவர் பைத்தன் மொழியைக் கற்கின்றனர். 1991இல் வெளிவந்த அம்மொழி திறந்த மூலமுடையது. அதனைக் கற்கும் கணினியோ பெரும்பாலும் தனியுடைமை முறைமையில் இயங்குவது. நமது அனுபவத்தைக் கூறின், தமிழாசிரியரான நம்மிடம், வேறு எவரும் ஏற்க முன்வராமையால், கணினி அறையின் திறவுகோல் ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்த பொறிகளில் உரிமம் பெற்ற மென்பொருள் எவ்வளவு என்று கேட்டபோது, நகரத்துக் கடைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் 'போட்டுத் தந்தவர்' என்ற விடையே கிட்டியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்குப் பதிப்புரிமைக் காப்பளிக்கின்றது. அச்சட்டத்தைப் பாடமாகக் கற்பிக்கும் அறையிலேயே அது மீறப்படுகின்றது. மாணவர் இதனிடமிருந்து கற்பவை இரண்டு: ஒன்று, சட்டம் பரீட்சைக்கு உரியது என்பது, மற்றது, கணினியின் உள்ளே என்ன நடக்கின்றதென்று கேட்பது தம் வேலையன்று என்பது. இரண்டாவதே நம்மை அதிகம் வருத்துவது. கேரளத்தார் வேறு வழி கண்டனர். அங்கு 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டம் சில ஆண்டுகளுள் கட்டற்ற மென்பொருளுக்கு முற்றாக மாறி, ஆயிரக்கணக்கான பாடசாலைகளில் நிலைத்துள்ளது. ஆசிரியர்களே பயிற்றப்பட்டனர், பாடநூல்களும் அதற்கேற்ப எழுதப்பட்டன. நிரல் இலவசமாகக் கிடைத்தாலும் ஆசிரியருக்குப் பயிற்சி இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதை அவர்கள் அறிந்து செலவிட்டனர்.

புதிய முறைமைகளைத் தாங்க வலுவிழந்துவிட்டன என ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு கணினிகளிற் கட்டற்ற முறைமையொன்றை நிறுவி மாணவர் கையில் விட்டோம். பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. சிலர் அதில் விளையாட்டு இல்லையென்று விலகினர். அதன் பட்டியல்களிற் பல தமிழில் இருந்தன; இந்நூற்றாண்டின் தொடக்கம் முதலே பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி மொழிபெயர்த்து வருபவை அவை. ஒரு நாள் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி நம்மை அழைத்துத் திரையைக் காட்டினாள். ஒரு சிறிய எழுது நிரலில் 'கோப்பை சேமி' என்றிருந்தது. இரண்டாம் வேற்றுமை உருபின் பின் வல்லினம் மிகவேண்டும் என்று முந்திய வாரந்தான் படிப்பித்திருந்தோம். ஒற்று இல்லாதபடியால் அது கோப்பைக் குறிக்காது, தேநீர் குடிக்கும் கோப்பையைச் சேமிக்கச் சொல்கின்றது என்று அவள் தோழியர் சிரித்தனர்.

"சேர், இதை ஆரிட்டச் சொல்லுறது?" என்று கேட்டாள்.

தனியுடைமை நிரலாயின் அக்கேள்விக்கு நம்மிடம் விடை இருந்திராது. இதற்கு இருந்தது. அந்நிரலின் மூலத்தைத் தேடியெடுத்து, மொழிபெயர்ப்புக் கோப்பில் அவ்வரி எங்குள்ளது என்று கண்டுபிடிக்க அவளுக்கும் நமக்கும் இரண்டு பிற்பகல்கள் சென்றன. திருத்தத்தை ஒரு குறிப்புடன் அனுப்பினோம். வல்லினம் மிகுதற்கான விதியை அக்குறிப்பில் அவளே எழுதினாள். பெயர் அறியாத ஒருவர் சில நாட்களின் பின் நன்றி தெரிவித்து, வேறு பிழைகள் இருப்பினும் அனுப்புக என்று பதில் எழுதினார். தவணை விடுமுறை முடிந்து வந்து அந்நிரலின் புதிய பதிப்பை இறக்கியபோது, பட்டியலில் 'கோப்பைச் சேமி' என்றிருந்தது.